தரிசில் விழுந்த நிழல்

பங்குனி வெயிலில் இலையெல்லாம் கொட்டி நிற்கும் காட்டைப் பார்த்து, "இங்கே மரமே இல்லை" என்று எழுதி நீட்டினால் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா? மாட்டேன் என்று அவசரப்படாதீர்கள். சசிரேகாவின் நாற்காலியில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அந்த நாற்காலி ஒரகடத்தில், கார் உதிரிபாகக் கிடங்கு ஒன்றின் மாடியில் இருக்கிறது. அறைக்குச் சன்னல் கிடையாது. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அட்டையைக் காட்டினால்தான் கதவு திறக்கும்; கழிப்பறைக்கு எத்தனை முறை போனீர்கள் என்பதும் பதிவாகும். உள்ளே முப்பது பேர் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கணினி முதலில் தானாக நிறம் பூசும்: காட்டுக்குப் பச்சை, நீருக்கு நீலம், தரிசுக்குப் பழுப்பு. அதைச் சரிபார்த்து, தன் பெயரில் ஒப்புதல் தருவது சசிரேகாவின் வேலை. புலி எங்கே வாழ முடியும், ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு எந்த வழியாகப் போகும் என்பதையெல்லாம் இந்த நிறங்களை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். சசிரேகா புலியைப் பார்த்தது வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும்தான்.

ஊர் மண்ணூர். அப்பா கோதண்டத்தின் நிலம் ஏரித் தண்ணீரில் ஒரு போகம் விளைந்தது. சித்திரையில் வந்த அதிகாரி, அறுவடைக்குப் பின் வயலில் நின்ற நெல்தாளைப் பார்த்துவிட்டுத் 'தரிசு' என்று எழுதிப் போனார். தரிசைத் தொழிற்சாலைக்கு எடுத்துக்கொள்ள யாரிடமும் பெரிதாக விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மகள் புவியியல் படித்தார். சுங்குவார்சத்திரம் பக்கத்தில் செல்போன் தொழிற்சாலை லைனில் இரண்டு வருடம் நின்றே வேலை பார்த்து, உட்கார்ந்து செய்யும் வேலை என்பதற்காகவே இங்கே வந்தார். சேர்ந்த அன்றே அசல் சான்றிதழ்களை வாங்கி லாக்கரில் வைத்துவிட்டார்கள். பத்திரமாக இருக்குமாம்!

அரசு நில அளவர் வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதி, தேறியும் விட்டார். திங்கட்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பு; அசல் இல்லாமல் போனால் வாய்ப்பு போயிற்று. மூன்று வாரமாகக் கேட்டும் கைக்கு வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஒரு கோப்பு வந்தது. இரண்டு பெரிய காடுகளுக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் நீளமான பட்டை. முழுவதும் பழுப்பு. சசிரேகா படத்தைப் பெரிதாக்கினார். தரையில் மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, நுனியில் விரல் விரலாகப் பிரிந்து கிடந்தன. அவை நிழல்கள். வெறும் மண்ணில் கிளையின் நிழல் எப்படி விழும்? படம் எடுத்த மாதம் மார்ச். பழைய நவம்பர் படத்தைத் திறந்தார். அதே பட்டை கும்மென்று பச்சையாக இருந்தது.

டீம் லீடர் வெங்கடேசனைக் கூப்பிட்டார்.

"சார், இது தரிசு இல்ல. மரம் கீது. இலை கொட்டிப் போச்சு, அவ்ளோதான்."

வெங்கடேசன் குனிந்து பார்த்தார். அவருக்கும் புரிந்தது. "கிளையன்ட் குடுத்தது மார்ச் படம்மா. மார்ச்சுல இன்னா தெரியுதோ அதைத்தான் போடணும்."

"நிழல் மார்ச் படத்துலதானே சார் தெரியுது?"

பக்கத்து இருக்கை மஞ்சுளா சிரித்தாள். "உட்டா அந்தப் புலிக்கு ரேஷன் கார்டே வாங்கிக் குடுப்ப போலக்கா!"

"நீ சும்மா இருடி."

வெங்கடேசன் குரலைத் தாழ்த்தினார். "மாத்தணும்னா மூணு நாள் ஆவும். ஆறு மணிக்கு டெலிவரி. திங்கக்கிழமை உனக்கு வெரிஃபிகேஷன் கீதுல்ல? லாக்கர் சாவி என்கிட்டதான் கீது. இதை முடி, கையோட வாங்கினு போ."

"மிரட்டுறீங்களா சார்?"

"நான் யாரும்மா மிரட்ட? என் டிகிரியும் அதே லாக்கர்லதான் தூங்கினு கீது."

சசிரேகா குறிப்புப் பகுதியில், 'மார்ச் படம். இலையுதிர் காடு. மர நிழல் தெரிகிறது' என்று தட்டினார். அனுப்பும் முன் அதை அழித்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஐந்து நாற்பதுக்கு ஒப்புதல் கொடுத்தார். சான்றிதழ்கள் ஒரு பிளாஸ்டிக் உறையில் வந்தன. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே போனாராம்.

அவரைக் கோழை என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ஒருவர் படித்த படிப்பைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு அவரிடமிருந்து பொய்யை வாங்குவதற்குப் பெயர் வேலைவாய்ப்பு அல்ல, கொத்தடிமைத்தனம். புலியைக் காப்பாற்றுகிறோம் என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு அந்தப் பெட்டியின் கதை வேண்டாம். வரைபடம் இப்போது வெளிவந்துவிட்டது: 'புலி வழித்தடம் இல்லை.' பட்டையின் குறுக்கே சாலை போட யோசனையும் வந்துவிட்டது.

சரிபார்ப்புக்குப் போய் வந்தாயிற்று; நில அளவர் வேலைக்கான இறுதி முடிவு இன்னும் வரவில்லை. சசிரேகா அதே நாற்காலியில்தான் இருக்கிறார். வாய் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். எனவே ஆள் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். எந்தக் காடு என்பதையும் சொல்லப் போவதில்லை. ஆனால் வரைவு வரைபடம் வெளியானால் ஆட்சேபம் தெரிவிக்க நமக்கு நாள் தருகிறார்கள். உங்கள் மாவட்டக் காட்டைப் பற்றி அப்படி ஒன்று வந்திருக்கிறதா என்று தேடுங்கள். வந்திருந்தால், அந்தப் படம் எந்த மாதத்தில் எடுத்தது, நேரில் போய்ச் சரிபார்த்தவர் யார் என்ற இரண்டு கேள்விகளை எழுதி, உங்கள் பெயரும் முகவரியும் போட்டு, வரைபடத்தை வெளியிட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.