காலர் அக்கா ஒட்டிவிட்ட அம்பு

வேலை மாறும்போதெல்லாம் என் அடையாள அட்டை மாறியிருக்கிறது. அதைப் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் உறை மட்டும் மாறவே இல்லை. ஓரமெல்லாம் மஞ்சளாகி, கயிறு கோக்கும் துளை கிழிந்து, நானே இரண்டு முறை பின் அடித்து ஓட்டியிருக்கிறேன். போன வாரம் சேர்ந்த புதுக் கம்பெனியில் அட்டையோடு கெட்டியான புது உறையும் கொடுத்துவிட்டார்கள். பழையதைக் குப்பையில் போட எடுத்த என் மகள், அதன் உள்பக்கம் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, ஏதாவது பரிசு குடுத்தாங்களா?" என்று கேட்டாள். சுண்டுவிரல் நகத்தளவு ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். சிவப்பு வெளுத்து இப்போது ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. "பரிசெல்லாம் இல்ல. நான் தப்பா ஒட்டினது" என்றேன். தப்பாக ஒட்டியதை எதற்கு இத்தனை வருடம் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைந்தேன் என்று அவள் கேட்கவில்லை, கல்லூரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கேட்டிருந்தால் காலர் அக்காவைப் பற்றிச் சொல்லியிருப்பேன்.

ஓசூர் ரோட்டில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அத்திபெலேயில் பஸ் ஏறினால் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி எங்கள் கார்மெண்ட்ஸ் வாசலில் இறங்குவதற்குள் முகத்தில் ஒரு பூச்சு சிமெண்ட் தூசி ஏறியிருக்கும். உள்ளே போனால் அயர்ன் ஆவியும் புதுத்துணி வாசனையும், ஐம்பது அறுபது மெஷின்களின் இரைச்சலும், அதற்கு மேல் ஸ்பீக்கரில் கன்னடப் பாட்டும். நான் அங்கே செக்கர். லைன் முடிகிற இடத்தில் என் மேசை. தைத்து வரும் ஒவ்வொரு சட்டையையும் காலரில் ஆரம்பித்து அடி மடிப்பு வரை பார்க்க வேண்டும். குறை எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டின சட்டை, அந்தப் பகுதியைத் தைத்தவரிடமே ஆல்டருக்குத் திரும்பிப் போகும். பிரித்துத் திரும்பத் தைக்க நேரம் பிடிக்கும், அந்த மணி நேரத்து டார்கெட் விழும், சூப்பர்வைசர் கத்துவார். அதனால் செக்கரைப் பார்த்துச் சிரிக்கிற டெய்லர் அந்த ஃப்ளோரிலேயே கிடையாது.

ஒட்டுவதில் எனக்குச் சிக்கல் இல்லை. ஒட்டியதை அப்படியே விடுவதில்தான் சிக்கல். டெய்லர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாலே என் விரல் தானாகப் போய் அம்பைப் பிய்த்துவிடும். பிய்த்த அம்பை மேசை ஓரத்தில் ஒட்டி வைப்பது எல்லா செக்கர்களுக்கும் வழக்கம். மற்றவர்கள் மேசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். என் மேசைக்கு மட்டும் சிவப்பு ஜரிகை பார்டர் கட்டினதுபோல் இருந்தது. தினமும் அந்த பார்டரில் கை வைத்துக்கொண்டு நின்றேனே தவிர, அது என்ன சொல்கிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

இது ஃபாக்டரியில் வந்த வியாதியும் இல்லை. கிருஷ்ணகிரி பக்கம் எங்கள் வீட்டில், நான் கதவைப் பூட்டினால் பின்னாலேயே யாராவது ஒருவர் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார்கள். அம்மா இழுப்பாள், அவள் இல்லாவிட்டால் தம்பி. கோபமாகச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது, அது வீட்டுப் பழக்கம். நாளாக நாளாக நானே மூன்று தடவை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். கல்யாணமாகி அத்திபெலே வந்த பிறகும் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டைத் தொட்டுப் பார்ப்பேன். என் கணவர் நல்ல மனிதர்தான். அவரும் "பூட்டினியா? கரெக்டா தெரியுமா?" என்று கேட்பார். தெரியும் என்று சொல்ல வாய் வராது. "பூட்டின மாதிரிதான் இருக்கு" என்பேன். எதற்கும் ஒரு 'மாதிரி' போட்டுப் பேசினால் பிறகு தப்பித்துக்கொள்ளலாம் பாருங்கள்.

காலர் அக்கா என்று லைனே கூப்பிட்டாலும் அவள் என்னைவிட இரண்டு வயது சின்னவள். நகரத்துக்குள் எல்லா மொழிக்காரர்களும் கலந்து வாழும் நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவள். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் சண்டை போட்டு உருதுவில் அலுத்துக்கொள்வாள். சட்டையில் கஷ்டமான வேலை காலர்தான். இரண்டு முனையும் நூல் பிசகாமல் ஒன்றுபோல் வர வேண்டும். அந்த மெஷினில் அவள் உட்கார்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. காலையில் வந்ததும் மெஷினைத் துணியால் துடைத்து, தலையில் வைத்த மல்லிகையில் ஒரு பூவைக் கிள்ளி நூல் ஸ்டாண்டில் செருகிவிட்டுத்தான் மிதியில் கால் வைப்பாள். என்னை "செக்கர் மேடம்" என்று கூப்பிடுவாள். அந்த மேடத்தில் கிண்டல் எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை. உள்ளதைச் சொன்னால் எனக்கு அவளிடம் பயம்.

ஒரு தடவை கட்டம் போட்ட சட்டை ஆர்டர் வந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் காலரின் இரண்டு முனைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, வலது முனை நூலளவு குட்டையாகத் தெரிந்தது. அம்பு ஒட்டினேன். அடுத்ததிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும். நாலாவது சட்டை திரும்பிப் போனதும் காலர் அக்கா எழுந்து வந்தாள். சட்டையை என் முன்னால் வைத்து, "எங்க, காட்டு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். முனைகளைத் திரும்பச் சேர்த்துப் பிடித்தேன். துணிதானே, விரலால் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் எந்தக் காலரும் சமமாகிவிடும். இழுத்தேன். சமமாகிவிட்டது. "சாரிக்கா, எனக்குத்தான் அப்படித் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு" என்று சொல்லி நாலு அம்பையும் பிய்த்து மேசை ஓரத்தில் ஒட்டினேன். அவள் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். சண்டையைத் தவிர்த்துவிட்ட நிம்மதியில் அன்று மீதமிருந்த சட்டைகளையெல்லாம் பாஸ் செய்தேன்.

மூன்றாம் நாள் ஆர்டர் கொடுத்த கம்பெனியின் ஆள் வந்து பெட்டிகளைத் திறந்து பார்த்தார். எந்தச் சட்டையை எடுத்தாலும் வலது முனை குட்டை. மொத்தமும் திரும்பியது. ஃப்ளோர் இன்சார்ஜ் எல்லோர் முன்னிலையிலும் காலர் அக்காவை நிறுத்தி வைத்துப் பேசினார். கை போய்விட்டது, கவனம் இல்லை, இனி அந்த மெஷின் உனக்கில்லை என்றார். வேறொரு பெண்ணை அங்கே உட்கார வைத்து, இவளைப் பிசிறு நூல் வெட்டும் மேசைக்கு அனுப்பினார். புதிதாக வருகிறவர்களை முதல் வாரம் போடுகிற வேலை அது. போகும்போது நூல் ஸ்டாண்டிலிருந்த பூவை எடுத்துக்கொண்டு போனாள். என்னையும் இரண்டு வார்த்தை திட்டினார்கள், ஆனால் தைத்தவள் இருக்க, பார்த்தவளைப் பற்றி யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் சித்ரான்னம் டப்பாவோடு அவளே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். கத்தியிருந்தால் தேவலை. சாதாரணமாகத்தான் கேட்டாள். "நீ பாத்தல்ல நேத்து?"

தலையாட்டினேன்.

"நான் சும்னே வரல உன்கிட்ட. ஆறு வருஷத்துல ஒரே நாள்ல நாலு காலர் எனக்கு ஆல்டர் வந்ததில்ல. எங்க தப்பாவுதுன்னு தெரிஞ்சுக்க வந்தேன். காட்டுன்னுதானே சொன்னேன், எடுன்னா சொன்னேன்?"

அவளே தொடர்ந்து, "நீ பயந்து எடுத்துட்ட. எனக்கு மெஷின் போச்சு" என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

அன்று பஸ்ஸில் வரும்போது அழுகையே வந்துவிட்டது. என் சந்தேகத்தால் எனக்கு மட்டும்தான் கஷ்டம் என்று அதுவரை நினைத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் உண்மையாகச் சொன்னால், அதை அடக்கம் என்றும் நல்ல குணம் என்றும்கூட நினைத்திருந்தேன். யாரையும் புண்படுத்தாமல் ஒதுங்கிப்போகிறேனாம். நான் ஒதுங்கின இடத்தில் இன்னொருத்தியின் ஆறு வருடம் போய் விழுந்தது. ஒரு அம்பை அப்படியே விட்டிருந்தால் சூப்பர்வைசர் வந்து பார்த்திருப்பார், காரணத்தைத் தேடியிருப்பார்கள். எனக்கு என்மேல் வந்த கோபம் அத்திபெலே வரை இறங்கவில்லை.

மறுநாள் காலை, புதிதாக உட்கார்ந்த பெண் தைத்த காலர்கள் என் மேசைக்கு வந்தன. முதல் சட்டையில் முனைகளைச் சேர்த்தேன். வலது முனை குட்டை. கை வேறு, குறை அதே. இந்த முறை இழுக்காமல், துணியை மேசையில் படுக்கப் போட்டு மடித்துப் பார்த்தேன். அப்போதும் குட்டை. காலர் தைக்கிறவர்கள் ஓர் அட்டையை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோட்டின்மேல்தான் தைப்பார்கள் என்பது நினைவுக்கு வந்தது. அம்பு ஒட்டினேன். அந்தப் பெண் எழுந்து வந்து, நேற்றுத்தான் மெஷின் கிடைத்த பதற்றத்தில், "என்னக்கா, முதல் பீஸே இப்படிப் பண்றீங்க" என்று பக்கத்தில் நின்றாள். என் விரல் அம்பை நோக்கிப் போனது. போன விரலை மடக்கி, கையை ஏப்ரன் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். சிரிப்பாக இருக்கிறது இப்போது நினைத்தால். அன்றைக்கு அதைச் செய்ய உடம்பு வேர்த்துவிட்டது.

சட்டையை எடுத்துக்கொண்டு இன்சார்ஜிடம் போனேன். அவர் கன்னடக்காரர், எங்களிடம் தமிழும் கலந்து பேசுவார். "சார், தப்பு கையில இல்ல, அட்டைல இருக்கு" என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "நினகே கொத்தா? கரெக்டா தெரியுமா உனக்கு?" என்றார். பிறந்ததிலிருந்து கேட்ட கேள்வி. 'மாதிரி' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, "தெரியும் சார்" என்றேன். அதோடு நிற்காமல், "முந்தாநாளே தெரியும். நாலு அம்பு ஒட்டினேன், நானே எடுத்துட்டேன். வேணும்னா என் மேசை ஓரத்தைப் பாருங்க. காலர் அக்கா மேல தப்பில்ல" என்றும் சொன்னேன். வேலை போகும் என்று தெரிந்துதான் சொன்னேன். அவர் காலர் மெஷினுக்குப் போய், கோடு போடுகிற அந்த அட்டையை வாங்கி நடுவில் மடித்துப் பார்த்தார். பென்சில் உரசி உரசி ஒரு பக்க முனை தேய்ந்திருந்தது. அட்டையை மாற்ற வேண்டிய சூப்பர்வைசர் மாற்றவில்லை. கண்ணுக்கு எளிதில் தெரியாத தேய்வு, மடித்தால்தான் தெரியும்.

வேலை போகவில்லை. மெமோ கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டேன். காலர் அக்கா மத்தியானமே மெஷினுக்குத் திரும்பினாள். நன்றி, மன்னிப்பு என்றெல்லாம் எங்களுக்குள் எதுவும் நடக்கவில்லை. சாயங்காலம் கேட்டைத் தாண்டும்போது பின்னாலிருந்து, "செக்கரு" என்று கூப்பிட்டாள். மேடம் போயிருந்தது. "இனிமே நான் கத்தினாலும் எடுக்காத" என்றாள். நான் சரி என்றேன்.

அவள் கத்தவும் செய்தாள். இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளைச் சட்டை. காலர் பட்டி ஒரு பக்கம் ஏறியிருப்பதாக அம்பு ஒட்டியிருந்தேன். சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, "கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? ஒண்ணுமில்லாததுக்கு ஏன் பேஜார் பண்ற?" என்று லைன் முழுக்கக் கேட்கிறமாதிரி கத்தினாள். வேண்டுமென்றே கத்துகிறாளா, நிஜமாகவா என்று தெரியவில்லை. நான் அம்பைத் தொடவில்லை. "டேப் எடு, அளந்து பாக்கலாம்" என்றேன். கழுத்தில் தொங்கிய டேப்பை இழுத்து இரண்டு பக்கமும் அளந்தாள். சமம். துணியில் விழுந்திருந்த மடிப்பின் நிழலைப் பார்த்து நான் ஏமாந்திருக்கிறேன். சுற்றியிருந்தவர்கள் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இதற்குத்தான் நான் முப்பது வருடம் பயந்துகொண்டிருந்தேன். பூமி பிளந்து என்னை விழுங்கும் என்று நினைத்தேன். "சரி, நான்தான் தப்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தேன். மெஷின்கள் திரும்ப ஓட ஆரம்பித்தன. ஒன்றும் ஆகவில்லை.

காலர் அக்கா மட்டும் போகாமல் நின்றாள். பிறகு அந்த அம்பைத் தானே பிய்த்து, மேசை ஓரத்தில் ஒட்டாமல், என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பிடித்து இழுத்து, உறைக்குள் விரலை விட்டு உள்பக்கம் ஒட்டினாள். "இது இங்கயே இருக்கட்டும். தப்புதான், ஆனா நீ எடுக்கல பாத்தியா" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்த ஃபாக்டரி இப்போது இல்லை. மேம்பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் அபார்ட்மெண்டும் பக்கத்திலேயே ஒரு பி.ஜி. ஹாஸ்டல் போர்டும் தெரிகின்றன. மூடினபோது ஆளுக்கொரு திசையில் போனோம். அவள் ராமநகரம் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்ததாகச் சொன்னார்கள், கொடுத்த நம்பர் வேலை செய்யவில்லை. நீலசந்திராவில் ஒருநாள் போய்த் தேடினேன், வீடு மாறியிருந்தார்கள். அவளைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அடிக்கடி ஆசையாக இருக்கும். புதுக் கம்பெனியில் என் கீழே பன்னிரண்டு செக்கர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால் "மேடம்" என்று கிண்டல் செய்வாள். அதில் ஒரு பெண்ணின் மேசை ஓரம் சிவந்திருப்பதை முதல் நாளே பார்த்தேன். பக்கத்தில் போய் நின்று, "எங்க, காட்டு" என்றேன். அவள் கை அம்புக்குப் போனது. "காட்டுன்னுதான் சொன்னேன்" என்றேன்.

இன்று காலை பழைய உறையிலிருந்து அம்பை நகத்தால் மெதுவாகக் கிளப்பிப் புது உறையில் ஒட்டப் பார்த்தேன். பசை காய்ந்துபோயிருந்தது, ஒட்டவில்லை. அட்டைக்கும் உறைக்கும் நடுவில் செருகிக்கொண்டேன். கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன். கீழே பைக்கை ஸ்டார்ட் செய்து வைத்திருந்த என் கணவர் வழக்கம்போலக் கேட்டார். "பூட்டினியா? கரெக்டா தெரியுமா?"

"தெரியும்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தேன். இரண்டாவது தெரு திரும்பும்போது, பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.