அஞ்சடியில் சாய்த்த நுகத்தடி

எனக்கு நாக்கில் சனி. கலியாணமான மறுவாரமே என் மனைவி அதைக் கண்டுபிடித்துவிட்டாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஜப்பான்காரன் ஆட்சியில் வாயுள்ள பிள்ளைக்குத்தான் முதல் அறை விழும்.

அப்போது மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸில் மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். ரயில் யார்டிலிருந்து விறகும் மரவள்ளிக்கிழங்கும் ஏற்றிக் கடைகளுக்குப் போடுவது வேலை. ஜோடி மாடு. அந்த மாடுகள் இருந்ததால்தான் வண்டி பெர்மிட் இருந்தது; பெர்மிட் இருந்ததால்தான் நான் ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போகாமல் தப்பித்தேன். வேலையில்லாமல் கண்ணில் பட்டவனை லோரியில் ஏற்றிக்கொண்டு போன காலம் அது. எங்கள் வரிசை வீடுகளிலிருந்து போனவர்களில் ஒருவன்கூட அதுவரை திரும்பி வரவில்லை.

வண்டி நிறுத்துவதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். மாட்டை அவிழ்த்ததும் நுகத்தடி முன்பக்கம் சாயும். அதைத் தரையில் போடமாட்டோம். வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிற மரம், சாணியிலும் எச்சிலிலும் கிடக்கலாமா? அதனால் கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையின் விளிம்பில் சாய்த்து வைப்போம். சக்கரம் ரோட்டில், நுகத்தடி அஞ்சடியில். வெள்ளைக்காரன் இருந்தவரை ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை.

அஞ்சடியில் வண்டி நிறுத்தக் கூடாது என்ற சட்டம் அந்த வெள்ளைக்காரன் போட்டதுதான். ஜப்பான்காரன் வந்து பலகையில் எழுத்தை மட்டும் மாற்றினான். அதைப் பார்த்துக்கொள்ள டவுன் ஆபீசில் ஒரு தமிழ் ஓவர்சியர் இருந்தான். காக்கிச் சட்டை, கையில் பிரம்பு. என்னைவிட நாலைந்து வயது இளையவன்.

ஒருநாள் காலை சாப்பாட்டுக் கடைக்கு விறகு இறக்கிவிட்டு வெளியே வருகிறேன், என் வலத்து மாட்டை மூக்கணாங்கயிற்றோடு பிடித்து அவன் இழுத்துக்கொண்டிருந்தான். மாடு திமிறியது. அதன் மூக்கிலேயே பிரம்பால் போட்டான். ரத்தம் சொட்டியது.

“டேய், யாரு மாட்ட யாருடா அடிக்கிற?” என்று பாய்ந்தேன்.

“அஞ்சடியில வண்டிய நிறுத்திட்டு வாய் வேறயா? அபராதத்தக் கட்டிட்டு மாட்ட ஓட்டிட்டுப் போ. மூணு நாள்ல வரல, மாடு பட்டாளத்துக் குசினிக்குக் கறியாப் போயிடும்லா.”

“சக்கரம் எங்க நிக்குது பாருடா! கண்ணு அவிஞ்சா போச்சு?”

பிரம்பு என் முகத்தில் இறங்கியது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் தோல் கிழிந்தது. கீழே விழுந்தவனை இன்னும் நாலு போட்டான். தெரு முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் கழுத்தை நெரித்துவிட என் கை துடித்தது. ஆனால் அவன் போட்டிருந்தது ஜப்பான்காரன் கொடுத்த சட்டை. அதைத் தொட்டால் தலை போகும்.

வீட்டில் மனைவி அழுதாள். “என் கம்மல வித்தாவது கட்டித் தொலைங்க. மாடு வந்தாப் போதும். நீங்க சயாமுக்குப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?”

கட்டியிருக்கலாம். கட்டியிருக்க வேண்டும். “செய்யாத தப்புக்கு எதுக்குடி கட்டணும்?” என்று கத்திவிட்டு மறுநாள் டவுன் ஆபீசுக்குப் போனேன்.

அங்கே இருந்த ஜப்பான் அதிகாரிக்குக் கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாய் தெரியும். எனக்கும் தெரியும். அபராதம் தப்பு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து வந்து ஓர் அறை விட்டான். விழுந்தேன். எழுந்து, “ரோடா டி ஜாலான், துவான்” என்றேன். சக்கரம் ரோட்டில்தான் நின்றது, ஐயா. மறுபடியும் அறை. மறுபடியும் எழுந்து அதையே சொன்னேன். மூன்றாவது தடவை வாயில் ரத்தத்தோடு சொன்னபோது அவன் சிரித்தான். தொப்பியை மாட்டிக்கொண்டு, ஓவர்சியரையும் கூப்பிட்டுக்கொண்டு, என்னை முன்னால் நடக்கச் சொன்னான்.

வழியில் ஓவர்சியர் என் காதருகே வந்தான். “தப்பு உன்னுதுன்னு ஒத்துக்க. மாட்ட நானே அவுத்து விட்டுடுறேன்.”

“ஏன், பயமா இருக்கா?” என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒற்றை மாட்டோடு நகர முடியாமல் வண்டி நிறுத்திய இடத்திலேயே கிடந்தது. அதிகாரி இடுப்பிலிருந்து வாளை உறையோடு கழற்றி, அஞ்சடியை ஒட்டிய சாக்கடை ஓரத்திலிருந்து சக்கரம் வரை அளந்தான். இரண்டு வாள் நீளம் ரோட்டுக்குள்ளேதான் சக்கரம் இருந்தது. நுகத்தடியைக் காலால் எட்டி உதைத்தான். “இது வெறும் மரம், வண்டி இல்லை” என்று மலாயில் சொன்னான். ஜெயித்துவிட்டேன்!

“பாகேரோ!” என்று கத்தினான் அதிகாரி. முட்டாளே. வாள் உறை ஓவர்சியரின் முழங்காலில் இறங்கியது. விழுந்தவனின் விலாவில் பூட்ஸ் கால். பொய் ரிப்போர்ட் எழுதினாயா, எழுதினாயா என்று ஒவ்வொரு உதைக்கும் கேட்டான். பிறகு அவனை எழுப்பி என் எதிரில் நிறுத்தினான். என்னைப் பார்த்துக் கையைக் காட்டினான். அடி.

முதல் அறையை ஆசையோடுதான் அடித்தேன். மறைப்பானேன்? இரண்டாவதும் மூன்றாவதும்கூட என் சொந்த அறைகள்தான். என் மாட்டு மூக்குக்கு ஒன்று, என் முகத்துக்கு ஒன்று, என் மனைவியின் அழுகைக்கு ஒன்று. அதோடு என் கோபம் தீர்ந்துவிட்டது. கையை இறக்கினேன்.

“லாகி!” என்றான் அதிகாரி. இன்னும்.

மெதுவாக அடித்தேன். வாள் உறை என் முதுகில் விழுந்தது. ஓவர்சியர் உதடு கிழிந்த வாயால் முனகினான். “பலமா அடிங்கண்ணே. மெதுவா அடிச்சா ரெண்டு பேரையும் கொன்னுடுவான்.”

பலமாக அடித்தேன். வலக்கை ஓய்ந்ததும் இடக்கையால் அடிக்கச் சொன்னான். ஒரு பல் தெறித்து அஞ்சடியில் விழுந்தது. அவன் இரண்டு காதிலிருந்தும் ரத்தம் வழிந்தது. எத்தனை என்று நான் எண்ணவில்லை. அதிகாரிக்கே அலுத்துப்போய், சிகரெட் பற்றவைத்துக்கொண்டு போன பிறகுதான் நிறுத்தினேன்.

அன்று மத்தியானமே மாடு வந்துவிட்டது. மனைவி அதன் மூக்கில் மஞ்சள் அரைத்துப் பூசினாள். என் முகத்திலும் பூசினாள். “ஆபீஸ்ல என்னங்க சொன்னாங்க?”

“சட்டம் நம்ம பக்கம்னு சொன்னாங்க.”

அவளுக்குத் தெருவில் எல்லாம் சொல்லியிருந்தார்கள். வீங்கிக் கிடந்த என் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “அந்த ஆளுக்கும் வீட்டுல ஒருத்தி இருப்பால்ல?” என்றாள். நான் எரிந்து விழுந்தேன். அன்று சோறு இறங்கவில்லை.

இரண்டு வாரம் இருக்கும். அதே கடை வாசலில் விறகு இறக்கிக்கொண்டிருந்தேன். ஓவர்சியர் வருகிறான். அதே காக்கி, ஆனால் கையில் பிரம்பு இல்லை. பழி தீர்க்க வருகிறான் என்று நினைத்து ஒரு விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டேன். அவன் என் முன்னால் வந்து நின்றான். கைகளைத் தொடையோடு ஒட்டி, ஜப்பான் சிப்பாய்க்கு வணங்குகிற மாதிரி இடுப்பு மடியக் குனிந்தான்.

கட்டையைக் கீழே போட்டேன். “ஐயோ, என்ன தம்பி இது? நிமிருங்க” என்றேன். அவன் நிமிரவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். கடைக்குள் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கு மட்டும் கேட்கவில்லை.

நிமிர்த்தலாம் என்று தோளைத் தொட்டேன். அவன் கண்களை இறுக மூடிக்கொண்டு, கன்னத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.