முடியல

பணிமனையில் அவருக்குப் பேரே 'முடியல'தான். பஸ்ஸுக்குப் பிரேக் பார்க்கிற மெக்கானிக். யாராவது சிக்கலோடு வந்து நின்றால் போதும், ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கை வைத்து, "முடி...யல!" என்று இழுப்பார். அந்த இழுப்பில் என்ன சூட்சுமமோ, எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். புதுசாகச் சேர்ந்த டிரைவர்களை இதைக் கேட்கவே கூட்டிவருவார்கள். வீட்டிலும் அதே கூத்துதான். மகள் போனில் அவர் பேரை 'முடியல அப்பா' என்றே போட்டு வைத்திருந்தாள். மனுஷனுக்கு அதில் உள்ளூரப் பெருமை. ஐம்பது வயசு ஆளை நாலு பேர் தேடி வருகிறார்கள் என்றால் சும்மாவா?

அவருடைய அப்பா போனதிலிருந்துதான் கோளாறு. சாவுக்கு அவர் அழவில்லை. வந்தவர்களைக் கவனித்தார், தம்பியைத் தேற்றினார், ஆகவேண்டியதை எல்லாம் பார்த்தார். "என்னா தைரியம் பாரு" என்று பாராட்டு வேறு. அதற்கப்புறம் சாமி முன்னால் நின்றால் வாயில் ஒரு சொல் வருவதில்லை. சின்ன வயசிலிருந்து கும்பிட்ட சாமி, யாரோ எவரோ என்று பார்த்தது. சோறு இறங்கவில்லை. காலையில் படுக்கையை விட்டு எழுந்திருப்பதே பெரும்பாடு. யாராவது ஒருத்தரிடம் சொல்லித் தொலைத்தால் தேவலை என்று இருந்தது.

ஒருநாள் பஸ்ஸுக்கு அடியில், குழிக்குள் நின்று வேலை பார்க்கும்போது ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது. அப்படியே எண்ணெய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். மேலேயிருந்து வெல்டர் எட்டிப் பார்த்தார். கூடவே வேலைக்குச் சேர்ந்த சிநேகிதர்.

"என்னடா உக்காந்துட்ட?"

"முடியலடா."

வெல்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "டேய், எல்லாரும் ஓடி வாங்கடா! குழிக்குள்ள இருந்து சொல்றான்! இன்னொரு தடவை சொல்லுடா."

குழியைச் சுற்றி நாலைந்து தலை முளைத்தது. பாழாய்ப்போன கை தானாகத் தலைக்குப் போனது. இழுத்துச் சொன்னார். சிரித்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் நேராக அடுப்படிக்குப் போனார். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். என்னால முடியல."

"ஆமா, எங்களால மட்டும் முடியுதாக்கும்! அந்தக் குக்கரை இறக்கி வைங்க."

"இல்லம்மா, நிஜமாவே முடியல..."

"அடடா, மூஞ்சியைப் பாரு! என்னமா நடிக்கிறாரு!" என்று புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தச் சொல்லுக்குச் சிரித்தே பழகியவள். இவர் பழக்கி வைத்ததுதானே!

குக்கரை இறக்கி வைத்தார். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாமி முன்னால் நின்றார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்பாடா, அழுதுவிடலாம் என்று நினைத்தார். இத்தனை மாசம் கழித்து ஒரு சொல் வாய்க்கு வந்தது.

"முடி...யல."

இழுத்தேதான் வந்தது. கை தலையில் இருந்தது. அவருக்கே சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. முட்டி நின்ற கண்ணீர் வந்த வழியே போய்விட்டது.

"உள்ள தனியா என்ன சிரிப்பு?" அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள். "சொன்னா நாங்களும் சிரிப்போம்ல!"

"ஒண்ணுமில்ல," என்றார்.