மால்சுன் பற்றவைத்த அடித்தகடு

கொரியாவின் டோங்யோங் துறைமுகத்துப் படகுப் பட்டறையில் ஒக் மால்சுன் வெல்டிங் செய்வாள். பக்கத்தில் எனக்குத் தேய்ப்பு வேலை. அலுமினியத்தில் அவள் கைக்கு நல்ல பெயர்.

அவள் தம்பி ஜேது கடலில் சிப்பி வளர்ப்பவன். சிப்பிக் கயிறுகளை இழுத்தேற்ற அவனுடைய புதுப் படகுக்கு ஒரு வின்ச் எந்திரம் வேண்டியிருந்தது. படகின் தளம் வழக்கமான கடல் அலுமினியம். வின்ச் நிற்கும் அடித்தகடு மட்டும் இன்னும் வலுவாக இருக்கட்டும் என்று, ரயில் பெட்டிக்குப் போகும் வேறு வகை அலுமினியத்தை அவனே கொண்டுவந்தான்.

இரண்டையும் ஒட்டிய மாதிரித் துண்டை இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை. எஞ்சினியர் சா யூன்ஹிக்கு மட்டும் தயக்கம்.

"வலு சரிதான் அக்கா. ஆனா சூடுபட்ட ஓரத்தை உப்பு எப்படித் திங்கும்னு தெரியாது. துண்டை உப்புத் தண்ணியில போட்டுக் கொஞ்ச மாசம் பாப்போம்."

மால்சுன் போட்டு வைத்தாள். அறுவடை நெருங்க நெருங்க ஜேது தினமும் வந்து நின்றான்.

"படகு கட்டுறியா, கிம்ச்சி ஊறப்போடுறியா?"

"வாயை மூடுடா. முடியட்டும்."

"ஊர்ல எல்லாருக்கும் செய்யற. என் படகுன்னா மட்டும் கை நடுங்குதா?"

பட்டறையே சிரித்தது. அது அவளுக்குத் தைத்தது. மாதிரித் துண்டு உப்புத் தண்ணீரில் கிடக்கும்போதே, அந்த வாரமே பற்றவைத்துக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு அறுவடை நன்றாகவே போயிற்று. மூன்றாவதில், கயிறு ஏறிக்கொண்டிருந்தபோது அடித்தகடு ஒட்டின் ஓரமாகக் கிழிந்து, வின்ச் ஜேதுவின் வலது கைமேல் சாய்ந்தது. பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தோம். உள்ளே அந்த வலுவான தகடு உப்புத் தின்று ஏடு ஏடாக உரிந்து வந்தது. ஒட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் ஜேது, "நான்தானே அவசரப்படுத்தினேன், விடு அக்கா" என்றான். வெளியே வந்ததும், "நாலு வார்த்தை திட்டியிருந்தான்னா தேவலை" என்றாள் மால்சுன்.

மூன்று விரல்கள் போய்விட்டன. அவன் கரையில் சிப்பி தரம் பிரிக்கும் வேலைக்குப் போனான். போன வசந்தத்தில் தன் மகளைக் கட்டிய மருமகனுக்குப் படகு கட்ட வேண்டும் என்று பட்டறைக்கு வந்தான்.

"வேற பட்டறையில சொல்லு" என்றாள் அவள்.

"இந்தத் தடவை எல்லாம் ஒரே வகைத் தகடுதான். நான் வாயே திறக்கமாட்டேன்."

அவள் வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொண்டாள். அவன் போய்விட்டான்.

அந்தப் படகைப் பக்கத்து ஊரான கோசோங்கில் கட்டினார்கள். வழக்கப்படி பன்றித்தலை படைத்துச் சடங்கு செய்து கடலில் இறக்கிய அன்று மால்சுன் போகவில்லை. மறுநாள் மதியச் சோற்றின்போது என்னிடம் சொன்னாள்: "போயிருக்கலாம். அக்கா எங்கேன்னு கேட்டவங்ககிட்ட எல்லாம், அக்காவுக்குக் காய்ச்சல்னு ஜேது சொன்னானாம்."