விட்ட கம்பை ஏறிக் கடந்தவள்

பனிக்கூடத்தில் மதிய டூட்டி. ஈர பூட்ஸ்களை உலர்த்தியில் மாட்டிக்கொண்டிருந்தபோது சர்மிளாவின் தங்கை போனில் கூப்பிட்டாள். “அண்ணை, அக்கா எங்களை விட்டிட்டுப் போயிட்டா” என்றாள். மருத்துவமனையிலிருந்து இப்படியொரு செய்தி வரும் என்று தெரிந்தே இருந்தது. தெரிந்திருந்து என்ன பயன்? கையிலிருந்த பூட்ஸை எங்கே வைத்தேன் என்று இன்னும் நினைவில்லை.

அவளோடு பழகியவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். பெற்றோருக்கு யாழ்ப்பாணம், அவள் வளர்ந்தது துபாய் கராமாவில். அங்கே ஒரு மாலுக்குள் இருக்கும் எங்கள் செயற்கைப் பனிச் சரிவில் பிள்ளைகளுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தாள். கூடம் திறப்பதற்கு முன்பே வந்து, சரிவில் கம்புகளை நட்டு, ஊடே வளைந்து வளைந்து இறங்கிப் போட்டிக்குப் பயிற்சி எடுப்பாள். “பாலைவனத்துப் பென்குயின் வந்தாச்சு” என்பேன். “ஓம், பென்குயினுக்குக் கெதியா பூட்ஸை எடுங்கோ” என்பாள்.

பரிசெல்லாம் அவள் கேட்கவில்லை. “உண்மையான மலையில எல்லாக் கம்பையும் கடந்து ஒருக்கா முடிவுக் கோட்டைத் தொடோணும் அண்ணை. அவ்வளவுதான்.”

முதல் போட்டி ஜார்ஜியாவில். எங்கள் கூடத்தில் போடும் வெள்ளைக் கண்ணாடியோடே போய்விட்டாள். கூரைக்குக் கீழே வெயில் ஏது? பனியிலேயே பிழைக்கும் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மலையில் வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூச, ஒரு கம்பைக் காணாமல் விட்டுவிட்டுப் போய்ப் போட்டியை இழந்தாள். திரும்பி வந்து, “துபாயில இருந்து போய் வெயிலுக்குத் தோத்த ஆள் நான்தான்” என்று எல்லோரையும் சிரிக்கவைத்தாள். பிறகு பூட்ஸ் அறையில் உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த முறை கறுப்புக் கண்ணாடி வாங்கிக்கொண்டு போனாள். அப்போதும் நடுவில் ஒரு கம்பு தவறியது. விட்ட கம்பைத் திரும்ப ஏறிப்போய்க் கடக்க விதி இடம் கொடுக்கிறது. நேரம் போய்விடும் என்று பலர் அதோடு விலகிவிடுவார்கள். இவள் பக்கவாட்டில் அடியடியாக ஏறினாள். கடந்தாள். கடைசியாக வந்தாள். அங்கிருந்து போனில், “கோட்டைத் தொட்டிட்டன் அண்ணை!” என்று கத்தியது என் காதிலேயே இருக்கிறது.

புற்றுநோய் ஒருமுறை குணமாகித் திரும்ப வந்தபோதும் அதையேதான் சொன்னாள்: “விட்ட கம்பு. திரும்ப ஏறத்தான் வேணும்.” ஏறினாள், பாவி மகள். இந்த முறை நோய் அந்தக் கம்புவரை ஏறவிடவில்லை. யாரைக் கோபித்துக்கொள்வது என்றும் தெரியவில்லை.

கடைசியாகப் பார்க்கப் போனபோது, “பனிக்குள்ளேயே வேலை செய்யிறியள், ஒரு மலை பாக்கேல்லையே” என்றாள். “லீவு கிடைச்சா ஊருக்கு, புதுக்கோட்டைக்குப் போகவே சரியா இருக்கு தாயி” என்றேன். சிரித்தாள்.

காரியங்கள் முடிந்தபின் அவள் தங்கை அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். “உங்களிட்டக் குடுக்கச் சொன்னவ. அண்ணை மலைக்குப் போகேக்க மறந்திடுவார் எண்டு சொன்னவ.”

சர்மிளா விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அடுத்த லீவில் ஊருக்குப் போகவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். எனக்குச் சறுக்கத் தெரியாது. அந்த மலைக்குப் போய், கீழே அவள் கடைசியாக வந்து தொட்ட கோட்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன். கண்ணாடியை மறக்கமாட்டேன், தாயி.