மூடியின் உட்புறத்தில் ஒரு தேதி

நம் கல்லூரியின் முன்னாள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் இறந்த செய்தி, நான் மேலூர் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது வந்தது. ஊழியர் சங்கச் செயலாளர் அழைத்தார். "அண்ணே, கண்ட்ரோலர் சார் தவறிட்டாரு. நினைவு மலர் போடுறோம். நீங்க ஒரு பக்கம் எழுதணும். நல்லதா நாலு வார்த்தை." எழுதுகிறேன் என்றேன். நல்லதாக எழுதுவதாக நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அவருடைய கைக்கடிகாரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுவிட்சர்லாந்தில் செய்த, தங்க முலாம் பூசிய குவார்ட்ஸ். சிங்கப்பூரிலிருந்து மைத்துனர் கொண்டுவந்தது. "மனுசன் பொய் சொல்லுவான்யா. இது சொல்லாது" என்று மணிக்கட்டைத் தூக்கிக் காட்டுவார். நாம் எதைச் சொன்னாலும் அவர் கேட்கும் கேள்வியும் உங்கள் காதில் இருக்கும்: "எழுத்துல இருக்கா? இல்லேன்னா நடக்கல."

நியாயத்துக்காக ஒன்றைப் பதிவு செய்கிறேன். தன் உறவினர் மகளுக்கு மறுகூட்டலில் ஒரு மதிப்பெண் ஏற்றும்படி தாளாளரே கேட்டும், அவர் மறுத்தார். அன்று அவரை வியந்தேன். பின்னால் வந்த வெறுப்பு இவ்வளவு ஆழமாக இறங்கியதற்கு அந்த வியப்பே காரணம்.

நடந்தது இது. வினாத்தாள் உறையைப் பத்து மணிக்கு முன் பிரிக்கக் கூடாது என்பது விதி. ஏழாம் அறையின் கண்காணிப்பாளராக இருந்த நான் பத்து மணிக்குப் பிரித்தேன். என் கடிகாரத்தைக் காலையில்தான் வானொலி நேரத்தோடு சரிபார்த்திருந்தேன். அறைக்குள் வந்தவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார்.

"ஒம்பது அம்பத்தாறு. யாரக் கேட்டுய்யா பிரிச்ச?"

அவர் கடிகாரத்தின் நொடிமுள் நான்கு நான்கு நொடியாகத் தாவிக்கொண்டிருந்தது. பேட்டரி தீரும் நிலையில் சில குவார்ட்ஸ் கடிகாரங்கள் அப்படித் தாவும்; நேரத்திலும் பின்தங்கும். "சார், உங்க வாட்ச்ல பேட்டரி எறங்கியிருக்கு" என்றேன்.

"எனக்கு மணி பாக்கக் கத்துக் குடுக்குறியா?"

அந்த அறையின் தேர்வு ரத்தானது. நாற்பது பேரும் மறுபடி எழுதினார்கள். நாகமலை புதுக்கோட்டை பேருந்து நிறுத்தத்தில் அவர்களில் ஒருவன் என் காதுபடவே, "மாப்ள, நம்ம சாருக்கு மட்டும் முன்னாடியே விடிஞ்சிருச்சுடா" என்றான். அவருடைய கடிகாரத்தைச் சோதிக்கக் கோரி அன்றே எழுத்தில் விளக்கம் கொடுத்தேன். எட்டு நாள் கழித்து அவர் கையொப்பத்தோடு குறிப்பாணை வந்தது: 'குறித்த நேரத்துக்கு முன் உறை பிரித்தார்.' என் பணிப்பதிவேட்டில் அது இன்றும் இருக்கிறது. அதன் பிறகு தேர்வுப் பணி எதுவும் எனக்குத் தரப்படவில்லை.

கருமாதி முடிந்ததும் அவர் மகன் வந்து, நின்றுபோன அந்தக் கடிகாரத்தை என் மேசைமேல் வைத்தார். "ஒங்ககிட்டதான் குடுக்கணும்னாரு சார். 'மணி பாக்கத் தெரிஞ்ச ஆளு அவன்தான்'னாரு. சர்வீஸ் பண்ணி, பாலிஷ் போட்டுக் கட்டிக்கங்க. அப்பா ஞாபகமா இருக்கும்ல."

நல்ல கடிகாரம் கெட்டுக் கிடப்பது எனக்குப் பிடிக்காது. டவுன்ஹால் ரோட்டில் கடிகாரம் பழுதுபார்க்கும் பாயிடம் கொண்டுபோனேன். பின்மூடியைத் திறந்தார். பேட்டரி கசிந்து, உள்ளே பச்சை பூத்திருந்தது.

"கம்பெனிக்கு அனுப்பிருங்க சார். மெஷினே மாத்திருவாங்க. கேஸுக்கு பாலிஷ், மூடியும் புதுசு. கல்யாண மாப்ள கணக்கா வரும்."

"அனுப்பலேன்னா?"

"பேட்டரிய எடுத்துட்டு சும்மா வச்சுக்கலாம். ஓடாது."

மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய எண்கள் இருந்தன. அவை என்ன என்று கேட்டேன்.

"பேட்டரி மாத்துனா தேதியக் கீறி வைப்போம். எம்புட்டு நாள் ஓடுச்சுன்னு தெரியணும்ல? இந்த மூணுமே நான் கீறுனதுதான்." லென்ஸை என்னிடம் நீட்டினார்.

நடுவில் இருந்த தேதி, நான் உறை பிரித்ததற்கு மறுநாள். இரண்டு முறை பார்த்தேன். பேட்டரியை மாற்றக் கொடுத்தவருக்கு அது இறங்கியிருந்தது தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்த பிறகு, சரியான நேரம் காட்டும் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, ஒரு வாரம் யோசித்து, அந்தக் குறிப்பாணையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"மனசு கேக்காமத்தானண்ணே குடுத்திருக்காரு" என்கிறார் செயலாளர். உங்களில் பலரும் அப்படியே சொல்வீர்கள். இருக்கலாம். ஆனால் கடைசிவரை அவருக்குக் கை நடுங்கவில்லை என்று மகனே சொன்னார். ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எழுத்தில் கேட்காத மன்னிப்பை அவரே ஏற்றிருக்க மாட்டார், நானும் ஏற்கவில்லை.

"கம்பெனிக்கு வேண்டாம் பாய். பேட்டரிய மட்டும் எடுங்க. பாலிஷ் கூடாது. மூடியத் தொடைக்கக்கூட வேணாம்."

"அம்புட்டு நல்ல வாட்ச்சு சார்."

"நல்லதுதான். அப்படியே குடுங்க."

குறிப்பாணையை நீக்கக் கோரும் மனுவை நேற்று முதல்வரிடம் கொடுத்தேன். கடிகாரத்தை ஓர் உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, 'இணைப்பு ஒன்று' என்று எழுதி அதனுடன் சேர்த்திருக்கிறேன். ஆகவே அது என்னிடம் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய அந்தக் கேள்வியை மட்டும்தான்.

எழுத்துல இருக்கா?

இருக்கு சார். உங்க வாட்ச்சுக்குள்ளயே இருக்கு.