அமெரிக்கா வழியாகச் சென்னைக்கு

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலம். ஞாயிறு தோறும் ஒரு பெண் தன் அம்மாவோடு வருவாள். அவளுக்கும், சென்னையில் பட்டறை வேலை பார்த்த அவள் புருஷனுக்கும் காது கேட்காது, பேச்சும் வராது. எழுதப் படிக்கவும் தெரியாது. அவள் இங்கே, அவன் சென்னையில் ஒரு பிரவுசிங் கடையில், கேமரா முன்னால் உட்கார்ந்து கையால்தான் பேசிக்கொள்வார்கள்.

படமோ விக்கி விக்கி வரும். தூக்கிய கை அப்படியே நிற்கும். மறுபடி அசையும்போது பேச்சு எங்கோ போயிருக்கும். இன்டர்நெட் இணைப்புக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"நீங்க எங்க லைனு, அவரு உக்காந்திருக்கிற கடை வேற கம்பெனி லைனு சார். ரெண்டும் மெட்ராஸ்லயே ஒரு எடத்துல சேந்துகிட்டா நொடியில போயிடும். சேரலயே! அமெரிக்கா போயி அங்க கைமாறித்தான் திரும்பி வருது."

பக்கத்திலிருக்கும் செந்துறைக்கு டெல்லி வழியாக டிக்கெட் எடுத்த மாதிரி. இரண்டு முதலாளிகளின் வீம்புக்கு நான் என்ன செய்ய?

ஒரு ஞாயிறு கைக்குழந்தையோடு வந்தாள்.

"புள்ளைக்குக் காது நல்லா கேக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. அத மாப்ளைகிட்ட சொல்லணும்னு துடிக்கிறா" என்றார் அம்மா.

அவன் முகம் தெரிந்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில்தான். குழந்தையைத் தூக்கிக் காட்டி அதன் காதைத் தொட்டாள். அங்கேயே படம் நின்றுவிட்டது. அடுத்து அவள் தலையாட்டிச் சிரித்தது எதுவும் அவனுக்குப் போகவில்லை. அழுகிற மனைவி, குழந்தையின் காதில் விரல். அவன் பார்த்தது அவ்வளவே.

படம் அசைந்தபோது அவன் தலையில் அடித்துக்கொண்டிருந்தான். அவள் பதறிக் கைதட்டினாள். குழந்தை திரும்பிப் பார்த்தது. அதெல்லாம் கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அடுத்து எங்களுக்கு வந்தது வெறும் நாற்காலி. அந்தக் கடைக்குப் போன் போட்டேன். "அழுதுகிட்டே போயிட்டாரு சார்" என்றார்கள். அந்தப் பெண் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துத் திரையைக் காட்டினாள். நான் வயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன். எனக்கும் அழுகை வந்தது.

மறுநாள் அவன் பட்டறையில் சொல்லாமலே ஊர் வந்துவிட்டான். கைதட்டலுக்குக் குழந்தை திரும்புவதைப் பார்த்து ஊரே பார்க்கத் துள்ளினானாம். திரும்பிப் போனபோது பட்டறையில் அவன் இடத்துக்கு வேறு ஆளை வைத்துவிட்டார்கள்.

பிறகு இரண்டு கம்பெனிகளும் சென்னையிலேயே லைனைச் சேர்த்துக்கொண்டன. படம் தடங்கலில்லாமல் ஓடியது. அப்போது ஒருநாள் மூவரும் குழந்தையோடு வந்தார்கள்.

"இதுல மெட்ராஸ்ல இவருக்கு ஒரு வேல கேட்டுச் சொல்றீங்களா சார்?" என்றார் அம்மா.

அவன் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். லைன் அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. கூப்பிட அந்தப் பக்கம் எனக்கு யாருமில்லை.